குற்றச் செய்தியும் பெண்ணின் பேனாவும்

செய்தித்தாளைக் கையில் எடுப்போருள் தலையங்கத்தைத் தாண்டிச் செல்வோர் பலர். அயல்நாட்டுச் செய்திகளை மேலோட்டமாகப் பார்த்து விடுவோரும் பலர். ஆனால் கொலை, களவு, வழக்கு என்று கண்டால் ஓர் எழுத்தும் விடாமற் படிப்பர். அச்செய்தியில் ஒரு பெண்ணின் பெயரும் இருந்துவிட்டாலோ, படிப்பதோடு நில்லாமல் அன்று மாலைக்குள் தீர்ப்பும் வழங்கிவிடுவர். மாடிப்படியிலும் காய்கறி வண்டியின் அருகிலும் வழங்கப்படும் இத்தகைய தீர்ப்புகளுக்கு மேல்முறையீடு இல்லை.

இஃது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சும் தபாலும் தந்தியும் பெருகிய நாளிலேயே குற்றச் செய்தி பத்திரிகைகளுக்கு நல்ல வருவாய் தரும் சரக்காகிவிட்டது. அச்செய்திகளில் பெண்ணுக்கு இரண்டே வேடங்கள் இருந்தன. ஒன்று, இரக்கத்திற்குரியவள், மற்றொன்று, இகழ்ச்சிக்குரியவள். குற்றத்தைத் துப்பறிந்த போலீசாரும், வாதாடிய வக்கீலும், தீர்ப்புரைத்த நீதிபதியும், அதனை எழுதிய நிருபரும், அச்சிட்ட ஆசிரியரும் பெரும்பாலும் ஆடவரே. பெண்ணைப் பற்றிய கதையில் பெண் பேசவே இல்லை.

1882 முதல் 1892 வரையிலான பத்தாண்டுகளில் இந்த மௌனம் கலையலாயிற்று. நம் நாட்டின் மேற்குப் பகுதியில் இருவரும், கடல் கடந்த அமெரிக்காவில் இருவருமாக நான்கு பெண்மணிகள், தத்தம் சூழலில், தத்தம் வழியில் பேனாவைக் கையில் எடுத்தனர். நால்வரும் பத்திரிகைத் தொழிலைச் செய்தவர் அல்லர். ஒருவர் பத்திரிகைக்கு மறுப்பாக ஒரு நூல் எழுதினார். ஒருவர் பெயரை மறைத்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மற்ற இருவர் பத்திரிகையையே வாழ்வாகக் கொண்டனர். ஆயினும் நால்வரும் செய்தது ஒன்றே. ஊரார் முடிந்த முடிபெனக் கொண்ட ஒரு குற்றச் செய்தியை எடுத்து, இதில் எழுதப்படாமல் விடப்பட்டது எது என்று கேட்டனர். அந்த நான்கு கேள்விகளின் வரலாறே இக்கட்டுரை.

முதற் கேள்வி: அந்த ஆடவன் எங்கே?

1881-ஆம் ஆண்டில் சூரத் நகரில் விஜயலட்சுமி என்னும் இளம் பிராமணக் கைம்பெண் தான் பெற்ற சிசுவைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டாள். கணவனை இழந்தவள் கருவுற்றாள் என்பது வெளிப்பட்டால் ஊரும் உறவும் என்ன செய்யும் என்ற அச்சமே அக்கொலைக்குக் காரணம். நீதிமன்றம் அவளுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது நாடு கடத்தும் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1856-ஆம் ஆண்டிலேயாம். அதன்பின் கால் நூற்றாண்டு கழிந்தும், சட்டம் திறந்த கதவைச் சமூகம் அடைத்தே வைத்திருந்தது. இந்நிலையில் இவ்வழக்கு நாடெங்கும் பேச்சாயிற்று. பூனாவிலிருந்து வெளிவந்த ‘புணே வைபவ்’ என்னும் பழைமைப் பற்றுள்ள பத்திரிகை, விஜயலட்சுமி ஒருத்தியின் வழக்கைக் கொண்டு பெண்குலத்தின் ஒழுக்கத்தையே சாடி எழுதியது.

அதனைப் படித்துப் பொறாதவர் பீரார் நாட்டின் புல்டாணாவில் வாழ்ந்த தாராபாய் ஷிண்டே. 1850-இல் பிறந்த இவருக்கு அப்போது வயது முப்பதைச் சற்றே கடந்திருந்தது. தந்தையார் அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். மகளுக்கு மராத்தியும் சமஸ்கிருதமும் ஆங்கிலமும் பயிற்றியவர். ஜோதிராவ் புலே நிறுவிய சத்திய சோதக சமாஜத்தோடு இக்குடும்பத்திற்குத் தொடர்பிருந்தது. பத்திரிகையில் இடங்கேட்டு நிற்காமல் தாராபாய் ஒரு சிறு நூலே எழுதினார். ‘ஸ்திரீ புருஷ துலனா’, அதாவது பெண் ஆண் ஒப்பீடு, என்பது அதன் பெயர். 1882-இல் பூனாவின் ஸ்ரீ சிவாஜி அச்சகத்தில் 500 படிகள் அச்சாயின. விலை ஒன்பதணா.

பெண்களுக்கென்று நீங்கள் அடுக்கும் குற்றங்கள் யாவும் ஆடவரிடம் இல்லையா என்பதே அந்நூலின் அடிப்படை. வஞ்சகம், சபலம், நம்பிக்கைத் துரோகம் என ஒவ்வொன்றாக எடுத்துத் தராசின் இரு தட்டிலும் வைத்துக் காட்டுகிறார். மனைவி இறந்த சில நாளிலேயே மறுமணம் செய்துகொள்ளும் ஆடவனை உலகம் வாழ்த்துகிறது. கணவன் இறந்த பெண்ணையோ தலை மழித்து, நல்ல சடங்குகளிலிருந்து விலக்கி மூலையில் அமர்த்துகிறது. அவளை நாடி வந்து, கெடுத்து, கைவிட்டுச் செல்பவன் யார் என்று எவரும் கேட்பதில்லை. உடையிலும் பாதரட்சையிலும் ஆங்கிலேயரைப் பின்பற்றத் தயங்காதவர்கள், பெண்ணின் வாழ்வு என்று வந்தவுடன் மட்டும் சாத்திரத்தை எடுத்துக்கொள்வது ஏன் என்று ஏளனம் செய்கிறார். அவருடைய மராத்தி நடையில் ஏட்டுப் புலமையைவிட அடுக்களையிலும் முற்றத்திலும் பெண்கள் பேசும் பேச்சின் காரமே மிகுதி.

சூரத் வழக்கில் ஒரு குழந்தை பிறந்திருந்தது. ஒரு குழந்தை இறந்திருந்தது. ஆனால் கூண்டில் நின்றவள் ஒருத்தி மட்டுமே. குழந்தைக்குத் தாய் மட்டும் உண்டு, தந்தை இல்லை என்பதுபோல நடந்த அவ்வழக்கில், அந்த ஆடவன் எங்கே என்னும் கேள்வியை அச்சில் ஏற்றிய பெருமை தாராபாய்க்கு உரியது. ஆனால் பத்திரிகையுலகம் அந்நூலை வரவேற்கவில்லை, பழித்தது. புலே மட்டும் அவரைத் தம் அருமை மகளெனக் கொண்டு ஆதரித்து எழுதினார். தாராபாய் அதன்பின் வேறு நூல் வெளியிடவில்லை. 1910-இல் மறைந்தார். 1975-இல் மறுபதிப்பு வெளிவரும்வரை அந்நூலை நாடு ஏறத்தாழ மறந்தேயிருந்தது.

இரண்டாம் கேள்வி: இது குற்றந்தானா?

அந்நூல் வெளிவந்த மூன்றாண்டுகளில், அக்காலப் பம்பாயில் மற்றொரு பெண்ணின் எழுத்து ஊரைக் கலக்கியது. 1885-ஆம் ஆண்டில் ‘டைம்ஸ் ஆப் இந்தியா’ பத்திரிகையில், ‘ஓர் இந்துப் பெண்மணி’ என்ற புனைபெயரில் இரு நீண்ட கடிதங்கள் வெளிவந்தன. ஒன்று குழந்தை மணத்தைப் பற்றியது. மற்றொன்று கட்டாயக் கைம்மையைப் பற்றியது. பத்து வயதில் மணமுடித்துப் பள்ளியை நிறுத்திவிடுவதால் பெண்ணின் அறிவு முளையிலேயே கருகுகிறது என்பதையும், இத்தீமையின் பாரம் ஆடவனைவிடப் பெண்ணையே அழுத்துகிறது என்பதையும் அவை தெளிவாக எடுத்துரைத்தன.

எழுதியவர் ருக்மாபாய். 1864-இல் பிறந்தவர். பதினோராம் வயதில் தாதாஜி பீகாஜி என்பவருக்கு மணம் செய்விக்கப்பட்டவர். ஆனால் கணவர் வீட்டிற்குச் செல்லாமல் தாயோடும், மருத்துவரான மாற்றுத் தந்தையோடும் வாழ்ந்து, வீட்டிலிருந்தபடியே கல்வி பயின்றவர். மனைவி தம்மோடு வந்து வாழவேண்டும் எனக் கேட்டு 1884-இல் தாதாஜி வழக்குத் தொடுத்தார். அறியாப் பருவத்தில் மணம் செய்விக்கப்பட்ட பெண்ணை அவள் விருப்பத்திற்கு மாறாக அனுப்ப இயலாது என்று நீதிபதி பின்ஹே 1885-இல் வழக்கைத் தள்ளினார். மேல்முறையீட்டுக்குப் பின் மறுவிசாரணை நடந்தது. 1887 மார்ச்சில் நீதிபதி பாரன், கணவர் வீட்டிற்குச் செல்லவேண்டும், அன்றேல் ஆறு மாதச் சிறை ஏற்கவேண்டும் என்று தீர்ப்பளித்தார். ருக்மாபாய் சிறைக்கே செல்வேன் என்றார்.

இங்கே நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். அவர் களவாடினாரா? கொலை செய்தாரா? பதினோராம் வயதில் பிறர் செய்த ஒரு முடிவைப் பருவமடைந்த பின் ஏற்க மறுத்தார், அவ்வளவே. அதற்குச் சிறை. திலகரின் ‘கேசரி’, ‘மராட்டா’ உள்ளிட்ட பத்திரிகைகள் அவருக்கு எதிராக எழுதின. சீர்திருத்தக்காரர் சிலர் ஆதரித்து எழுதினர். அவ்விவாதத்தின் நடுவே, வழக்கில் சிக்கிய பெண்ணே தன் தரப்பைத் தன் கையால் எழுதி நாளிதழில் வெளியிட்டாள் என்பதுதான் புதுமை.

1888-இல் வழக்கு ஒரு சமரசத்தில் முடிந்தது. தாதாஜி 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு உரிமையை விட்டார். ருக்மாபாய் இலண்டன் சென்று மருத்துவம் பயின்று 1894-இல் பட்டம் பெற்றார். திரும்பி வந்து அவர் பணியேற்ற ஊர் எது தெரியுமா? விஜயலட்சுமி கூண்டில் நின்ற அதே சூரத் நகரம். அங்கே பெண்கள் மருத்துவமனையில் நெடுங்காலம் தாய்மார்களுக்கும் சேய்களுக்கும் தொண்டாற்றினார். 1955-இல் மறைந்தார். பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய 1891-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு வழிவகுத்த விவாதங்களுள் இவ்வழக்கும் ஒன்று.

மூன்றாம் கேள்வி: தீர்ப்பளித்தவர் தீர விசாரித்தாரா?

ருக்மாபாய் பிறந்த அதே 1864-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர் எலிசபெத் காக்ரன். பிட்ஸ்பர்க் நகரின் ‘டிஸ்பாட்ச்’ பத்திரிகையில், பெண்கள் எதற்குப் பயன்படுவார்கள் என்று கேட்டு, வீட்டு வேலைக்குத்தான் என்று விடை கூறும் பாங்கில் 1885-இல் ஒரு கட்டுரை வந்தது. தந்தையை இழந்து, தாயோடு வறுமையில் உழன்ற இவ்விளம்பெண் அதற்குச் சினந்து ஒரு மறுப்புக் கடிதம் எழுதினார். கடிதத்தின் வேகத்தைக் கண்ட ஆசிரியர் எழுதியவரைத் தேடி அழைத்து வேலை தந்தார். நெல்லி பிளை என்ற புனைபெயரும் அங்கேதான் கிடைத்தது. தாராபாயைப் போலவே இவரையும் எழுத்துக்கு இழுத்தது பெண்ணை இகழ்ந்த ஒரு பத்திரிகைக் கட்டுரையே என்பது கருதத்தக்கது.

நெல்லி தொழிற்சாலைப் பெண்களைப் பற்றியும், மணமுறிவுச் சட்டத்தைப் பற்றியும் எழுதினார். மணமுறிவைப் பற்றி எழுத அவருக்குத் தகுதியுண்டு. மாற்றுத் தந்தையின் கொடுமையைக் குறித்து, தாயின் மணமுறிவு வழக்கில் சிறுமியாகவே சாட்சி சொன்னவர் அவர். ஆனால் பத்திரிகை நடத்தியோர் அவரை நாகரிக உடை, தோட்டக்கலை என்று பெண்கள் பகுதிக்கே தள்ளப் பார்த்தனர். அதை ஏற்காமல் 1887-இல் நியூயார்க் சென்று, ஜோசப் புலிட்சரின் ‘வேர்ல்டு’ பத்திரிகையில் இடம் பெற்றார்.

அங்கே அவர் ஏற்ற முதற் பணி அரியது. பிளாக்வெல் தீவில் பெண்களுக்கென ஒரு மனநோய் விடுதி இருந்தது. அதனுள்ளே நடப்பதை அறிய, நோயாளியாகவே உட்புகுவதென்று முடிவாயிற்று. வேலை செய்யும் பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் அறை எடுத்து, இரவெல்லாம் உறங்காமல், பொருந்தாத பேச்சுகள் பேசினார். மறுநாள் போலீசார் அவரை நீதிமன்றத்தில் நிறுத்தினர். யாதொரு குற்றமும் செய்யாத ஒரு பெண், குற்றவாளிகள் நிற்கும் இடத்தில் நிறுத்தப்பட்டாள். நீதிபதி மருத்துவமனைக்கு அனுப்பினார். மருத்துவர்கள் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் பித்தென முடிவு கட்டினர். படகு தீவுக்குக் கொண்டு சென்றது.

உள்ளே சென்ற கணமே அவர் நடிப்பை விட்டுவிட்டார். இயல்பாகப் பேசினார், தம்மை மீண்டும் சோதிக்குமாறு வேண்டினார். ஆனால் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும், அத்தெளிவே நோய்க்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. கெட்டுப்போன உணவு, குளிர்ந்த நீரில் கட்டாயக் குளியல், பலர் குளித்த அதே நீர், நாள் முழுதும் அசையாமல் பலகையில் அமர்ந்திருக்கும் தண்டனை, தாதியரின் அடி எனப் பத்து நாள் அனுபவித்தார். ஆங்கிலம் அறியாத காரணத்தாலேயே தம் நிலையை எடுத்துச் சொல்ல இயலாமல் அடைபட்ட அயல்மொழிப் பெண்களையும் அங்கே கண்டார். தாய்மொழி வழங்காத ஊரில் வாழும் நம்மனோர்க்கு இதன் கொடுமையை விளக்கவேண்டுவதில்லை.

பத்திரிகையின் வக்கீல் வந்து விடுவித்தபின், 1887 அக்டோபரில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நெல்லியின் கட்டுரைகள் வெளிவந்தன. பெருநடுவர் குழு ஒன்று கூடி விசாரித்தது. அவரையும் அழைத்துக்கொண்டு தீவுக்குச் சென்றது. முன்னரே செய்தி எட்டிவிட்டதால் அதற்குள் பல குறைகள் மறைக்கப்பட்டிருந்தன. ஆயினும் குழு அவர் கூற்றை ஏற்றது. நகர அரசாங்கம் அவ்வாண்டில் இத்தகைய நிலையங்களுக்குக் கூடுதல் நிதி ஒதுக்கியது. பின்னர் நெல்லி, கைதாகும் பெண்கள் எவ்வாறு நடத்தப்படுகிறார்கள் என்பதை அறியத் தாமே கைதாகியும் எழுதினார்; சிறையில் இருந்த பெண்களைச் சந்தித்தும் எழுதினார்.

இதே நெல்லி பிளைதான் 1889-90-இல் 72 நாளில் உலகைச் சுற்றி வந்தவர். அப்பயணத்தில் கப்பலுக்காகக் கொழும்பில் ஐந்து நாள் காத்திருந்தார். உலகம் அவரை அப்பயணத்தால் நினைவு கூர்கிறது. ஆனால் அதனினும் அரிய பயணம், கரையிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்த அந்தத் தீவுக்குச் சென்றதே எனலாம்.

நான்காம் கேள்வி: கணக்கு என்ன சொல்கிறது?

மூவரினும் கடினமான களத்தில் நின்றவர் ஐடா பி. வெல்ஸ். 1862-இல் மிசிசிப்பி மாநிலத்தில் அடிமைப் பெற்றோருக்கு அடிமையாகவே பிறந்தவர். 1878-இல் மஞ்சள் காய்ச்சலுக்குப் பெற்றோரைப் பறிகொடுத்து, பதினாறாம் வயதில் தம்பி தங்கையரைக் காக்கப் பள்ளி ஆசிரியையானார். 1884-இல் இரயிலில் பெண்களுக்குரிய பெட்டியிலிருந்து, கறுப்பினத்தவர் என்ற காரணத்தால் பலவந்தமாக வெளியேற்றப்பட்டார். வழக்குத் தொடுத்து 500 டாலர் நஷ்டஈடு பெற்றார். மாநில உச்ச நீதிமன்றம் 1887-இல் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. பின்னர் மெம்பிஸ் நகரில் ‘பிரீ ஸ்பீச்’ என்ற பத்திரிகைக்குப் பங்குதாரரும் ஆசிரியருமானார்.

அக்காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில், கறுப்பின மக்களை வெள்ளையர் கும்பலாகக் கூடி, விசாரணையின்றித் தூக்கிலிட்டும் சுட்டும் எரித்தும் கொன்றுவந்தனர். இதனை லிஞ்சிங் என்பர். வெள்ளைப் பெண்களைப் பலாத்காரம் செய்தவர்களையே இவ்வாறு தண்டிக்கிறோம் என்பது அவர்கள் கூறிய நியாயம். பெண்ணின் மானத்தைக் காக்கும் செயல் என்று சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்? ஐடாவே முதலில் அதனை ஓரளவு நம்பியிருந்தார்.

1892 மார்ச் 9-ஆம் நாள் அந்நம்பிக்கை தகர்ந்தது. மெம்பிஸில் மளிகைக் கடை நடத்திய தாமஸ் மாஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் என்ற மூன்று கறுப்பின இளைஞர்களைக் கும்பல் ஒன்று சிறையிலிருந்து இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றது. மாஸ் தபால்காரருமாவார், ஐடாவின் உற்ற நண்பர். அவர்கள் எப்பெண்ணையும் தீண்டியவர்கள் அல்லர். அருகிலிருந்த வெள்ளையர் கடைக்குப் போட்டியாக வாணிகம் நடத்தியதே பகைக்கு வித்து. அதிலிருந்து எழுந்த கைகலப்பே சிறைக்குக் காரணம். அப்படியானால் மற்றக் கொலைகளின் உண்மை என்ன?

ஐடா ஊர் ஊராகச் சென்று விசாரித்தார், பத்திரிகைகளைத் திரட்டினார். கறுப்பினத்தவர் மிகைப்படுத்துகின்றனர் என்ற பழி வாராதிருக்க, வெள்ளையர் பத்திரிகைகள் தாமே வெளியிட்ட செய்திகளையும் புள்ளிகளையும் ஆதாரமாகக் கொண்டார். எட்டு ஆண்டுகளில் இவ்வாறு கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் 728 பேர். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் மீதே பலாத்காரக் குற்றம் சாட்டப்பட்டிருந்தது. சாட்டப்பட்டதே அவ்வளவு, மெய்ப்பிக்கப்பட்டதன்று. எஞ்சியோர் வாய்ச்சண்டை, கடன் தகராறு போன்ற காரணங்களுக்காகக் கொல்லப்பட்டவர்கள். கொல்லப்பட்டோருள் பெண்களும் சிறார்களும் இருந்தனர். பலாத்காரம் என்று சொல்லப்பட்டவற்றுள்ளும் பல, மனமொத்த உறவு வெளிப்பட்டபோது மானத்தைக் காக்கச் சூட்டிய பெயரே என்று ஐடா துணிந்து எழுதினார்.

மற்றொன்றையும் அவர் எழுதத் தவறவில்லை. கறுப்பினப் பெண்களையும் சிறுமிகளையும் வெள்ளையர் கெடுத்தபோது எந்தக் கும்பலும் கூடவில்லை. நாஷ்வில் நகரில் ஒரு கறுப்பினச் சிறுமியைக் கெடுத்தவன் ஆறு மாதச் சிறையோடு வெளிவந்து, அந்நகரிலேயே துப்பறியும் பணியில் அமர்ந்ததைச் சுட்டினார். பெண்ணின் மானம் என்ற சொல் எல்லாப் பெண்களையும் குறிக்கவில்லை என்பதை இதனினும் கூர்மையாக யார் சொல்ல இயலும்?

1892 மே மாதத்தில் அவருடைய தலையங்கம் வெளிவந்தவுடன் கும்பல் ஒன்று பத்திரிகை அலுவலகத்தைச் சூறையாடி அச்சகத்தை அழித்தது. அப்போது ஐடா வெளியூர் சென்றிருந்தார். திரும்பினால் உயிர் தங்காது என்ற செய்தி எட்டியது. நியூயார்க்கிலேயே தங்கி ‘நியூயார்க் ஏஜ்’ பத்திரிகையில் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். அதுவே அவ்வாண்டில் ஒரு சிறு நூலாகவும், 1895-இல் விரிந்த மற்றொரு நூலாகவும் வெளிவந்தது. 1893, 1894-ஆம் ஆண்டுகளில் பிரிட்டனுக்குச் சென்று சொற்பொழிவாற்றினார். 1931-இல் மறைந்தார். 2020-ஆம் ஆண்டில் புலிட்சர் பரிசுக் குழு அவருக்குச் சிறப்பு விருது வழங்கியது. லிஞ்சிங்கைத் தனிக் குற்றமாக்கும் மத்தியச் சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தானது 2022 மார்ச்சில். ஐடாவின் அச்சகம் அழிந்து 130 ஆண்டுகள் ஆகும் தறுவாயில்.

இகழ்ச்சியும் விற்பனையும்

இவ்வரலாற்றுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பெண் எழுதினால் பத்திரிகை மிகுதியாக விற்கிறது என்பதை முதலாளிகள் விரைவில் கண்டுகொண்டனர். புலிட்சரும் அவருடைய போட்டியாளர் ஹெர்ஸ்டும் பரபரப்புக்காகவே பெண் நிருபர்களைத் தேடினர். 1907-இல் நியூயார்க்கில் ஹாரி தா என்ற செல்வரின் கொலை வழக்கு நடந்தபோது, வினிப்ரெட் பிளாக், டாரதி டிக்ஸ், ஏடா பேட்டர்சன், நிக்சோலா கிரீலி-ஸ்மித் என்ற நான்கு பெண்கள் நிருபர்களுக்குரிய இடத்தில் அமர்ந்து எழுதினர். தாவின் மனைவி ஈவ்லின் நெஸ்பிட், தமக்குச் சிறுவயதில் இழைக்கப்பட்ட தீங்கைச் சாட்சிக் கூண்டில் எடுத்துரைக்க வேண்டியிருந்தது. அதனை உருக்கமாக எழுதிய இந்நால்வருக்கும் ‘விம்மும் சகோதரிகள்’ என்ற பட்டப்பெயர் கிடைத்தது.

அவர்கள் எழுத்தில் மிகை இல்லாமலில்லை. ஆனால் அதே வழக்கை ஆடவர் பலரும் அலங்காரத்தோடும் ஆவேசத்தோடும் எழுதினர்; அவர்களுக்கு அத்தகைய பட்டம் ஏதும் சூட்டப்படவில்லை. ஆடவன் எழுதினால் செய்தி, பெண் எழுதினால் கண்ணீர் என்று பெயரிட்டுவிட்டால், அவள் கேட்ட கேள்விக்கு விடை கூறவேண்டுவதில்லை அன்றோ! தாராபாயை வசையால் அடக்கினர். ஐடாவை வன்முறையால் விரட்டினர். இவர்களை நகைப்பால் ஒதுக்கினர். கருவி வேறு, நோக்கம் ஒன்றே.

நமக்குரிய பாடம்

நாம் குடியேறி வாழும் இம்மராத்திய மண்ணின் மொழியிலேதான் தாராபாய் எழுதினார். இங்கேதான் ருக்மாபாய் வழக்காடினார். நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் மொழியில் இத்தகைய செல்வம் இருப்பதை நாமும் அறிந்திருத்தல் நன்று. தமிழைக் காக்கும் சங்கம் அண்டை மொழியின் அறத்தையும் போற்றுவது தமிழுக்குப் பெருமையே.

இன்று நம் நாட்டில் பெண் நிருபர் நீதிமன்றத்தில் அமர்வது புதுமையன்று. பாலியல் குற்றத்திற்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடலாகாது என்று 1983-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் விதி சேர்ந்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவ்விதி தொடர்கிறது. சட்டம் பெயரைக் காக்கும். ஆனால் வீட்டுக் கூடத்தில் நாம் வழங்கும் தீர்ப்பிலிருந்து எந்தச் சட்டமும் ஒரு பெண்ணைக் காக்க இயலாது. அந்நேரத்தில் அவள் ஏன் வெளியே சென்றாள், அப்படி ஏன் உடுத்தினாள் என்று நாம் கேட்கும்போது, அருகில் அமர்ந்து பாடம் எழுதிக்கொண்டிருக்கும் நம் மகளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நாளை தனக்கு ஓர் இன்னல் நேர்ந்தால் இவ்வீட்டில் சொல்லலாமா, கூடாதா என்பதை அவள் அன்றே முடிவு செய்துவிடுகிறாள். விஜயலட்சுமிக்குத் தன் துயரைச் சொல்ல ஒரு வாயில் இல்லை என்பதே சூரத் வழக்கின் வேர்.

ஆகவே, பெண்ணைப் பற்றிய குற்றச் செய்தி ஒன்று கண்ணிற்படும்போது, நாவை அசைப்பதற்கு முன் அந்நால்வரின் கேள்விகளை நமக்குள் ஒருமுறை கேட்டுப் பார்ப்போமாக. இதில் சொல்லப்படாத மற்றவர் யார்? சுமத்தப்பட்டது உண்மையிலேயே குற்றந்தானா? தீர்ப்பளித்தவர் தீர விசாரித்தாரா? ஊர் சொல்லும் காரணத்தைக் கணக்கு ஒப்புகிறதா? இந்நான்குக்கும் விடை கிடைக்கும்வரை நம் தீர்ப்பை ஒத்திவைத்தால், ஒன்பதணா விலையில் ஐந்நூறு படி அச்சிட்டு, வசையை மட்டுமே கூலியாகப் பெற்ற அந்தப் புல்டாணாப் பெண்மணிக்கு நாம் செலுத்தவேண்டிய கடனில் ஒரு சிறு பகுதி தீரும்.